நீலகிரி மாவட்டத்தின் நிர்வாகப் பிரிவுகளையும் மக்கள்தொகையையும் அறிந்துகொள்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

நீலகிரியைப் பற்றிய ஒரு புள்ளிவிவரம் கைக்குக் கிடைத்ததும் பலரும் அதை அப்படியே எடுத்து எழுதிவிடுகிறார்கள். சமவெளி மாவட்டமொன்றில் அதனால் பெரிய குழப்பம் வராது. ஏனெனில் அங்கே ஊர், வருவாய் கிராமம், ஊராட்சி ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஒன்றன்மேல் ஒன்று பொருந்தியிருக்கும். மலையில் அவை பொருந்துவதில்லை. ஒரே குடியிருப்பு வருவாய்க் கணக்கில் ஓரிடத்திலும், உள்ளாட்சிக் கணக்கில் வேறிடத்திலும், வனத்துறையின் வரைபடத்தில் மூன்றாவது இடத்திலும் இருக்கும். ஆகவே எத்தனை பேர் என்று கேட்பதற்கு முன், எந்த எல்லைக்குள் எத்தனை பேர் என்று கேட்டாக வேண்டும். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், களப்பணியாளர்கள், செய்தியாளர்கள், ஊராட்சிகளில் பொறுப்பில் இருப்பவர்கள் ஆகியோர் அந்த எல்லைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தறிவதற்கான வழிமுறை கீழே தரப்படுகிறது.

முதல் படி: எந்த நீலகிரி என்பதை உறுதி செய்தல்

நீலகிரி என்ற பெயர் குறைந்தது நான்கு வெவ்வேறு பரப்புகளுக்கு வழங்குகிறது. முதலாவது வருவாய் மாவட்டம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இதன் பரப்பு 2,565 சதுர கிலோமீட்டர். இரண்டாவது நீலகிரி (தனி) மக்களவைத் தொகுதி. இதில் உதகமண்டலம், குன்னூர், கூடலூர் (தனி) ஆகிய மலைத் தொகுதிகள் மூன்றுடன் கோயம்புத்தூர் மாவட்டத்து மேட்டுப்பாளையம், திருப்பூர் மாவட்டத்து அவிநாசி (தனி), ஈரோடு மாவட்டத்து பவானிசாகர் (தனி) ஆகியவையும் அடங்கும். தேர்தல் காலத்தில் வெளியாகும் நீலகிரி வாக்காளர் எண்ணிக்கையை மாவட்ட மக்கள்தொகையோடு வைத்து ஒப்பிடும் பிழை அடிக்கடி கண்ணில் படுகிறது. அந்த வாக்காளர்களில் பெரும் பகுதியினர் மலைக்குக் கீழே வாழ்பவர்கள்.

மூன்றாவது நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம். 1986இல் அறிவிக்கப்பட்ட இது தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் என மூன்று மாநிலங்களில் 5,520 சதுர கிலோமீட்டருக்குப் பரந்துள்ளது. அதாவது மாவட்டத்தைப் போல இரு மடங்குக்கும் மேல். நான்காவது நீலகிரி மலைத்தொடர். கூடலூர், பந்தலூர் பகுதிகள் மாவட்டத்துக்குள் இருந்தாலும், நில அமைப்பில் மேல்மட்டப் பீடபூமியைச் சேர்ந்தவை அல்ல; அவை வயநாட்டு மேட்டுநிலத்தின் தொடர்ச்சி. இந்தக் கட்டுரை முதல் பொருளை மட்டுமே எடுத்துக்கொள்கிறது.

இரண்டாம் படி: எல்லை எப்படி வந்தது என்று பார்த்தல்

வரலாறு இங்கே அலங்காரத்துக்காகச் சொல்லப்படுவதில்லை; இன்றைய நிர்வாகச் சிக்கல்கள் பாதிக்கு மேல் அதிலிருந்தே புறப்படுகின்றன. ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே மலையின் மேற்பகுதி தொதநாடு, பொரங்காடு, மேக்குநாடு, குந்தநாடு என்று நான்கு நாடுகளாக வழங்கிவந்தது. படகர்கள் இன்றும் இவற்றைச் சீமை என்றே சொல்கிறார்கள். ஊர்க்கூட்டங்களிலும் திருவிழாக்களிலும் வட்டத்தின் பெயரை விடச் சீமையின் பெயருக்கே மதிப்பு அதிகம். ஆனால் அரசுப் பதிவேடு எதிலும் சீமை ஓர் அலகு அல்ல.

கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819இல் மலைக்கு வந்த காலத்தில் இப்பகுதி கோயம்புத்தூர் மாவட்டத்துக்கு உட்பட்டிருந்தது. 1830இல் மலையின் மேற்குப் பகுதி மலபார் மாவட்டத்துக்கு மாற்றப்பட்டு, 1843இல் மீண்டும் கோயம்புத்தூரோடு சேர்க்கப்பட்டது. 1868இல் ஓர் ஆணையரின் கீழ் தனி நிர்வாகம் ஏற்பட்டது. 1873இல் ஓவேலிப் பள்ளத்தாக்கும், 1877இல் தென்கிழக்கு வயநாடு எனப்பட்ட இன்றைய கூடலூர், பந்தலூர் பகுதியும் மலபாரிலிருந்து பிரித்து இதனுடன் இணைக்கப்பட்டன. 1882இல் ஆணையர் பதவி ஆட்சியர் பதவியாக மாறி, நீலகிரி முழு மாவட்டமானது.

கூடலூர்ப் பக்கத்தில் மலையாளம் பரவலாகப் பேசப்படுவதற்கும், நில உரிமை முறை மேல்மலையிலிருந்து அடியோடு வேறுபட்டிருப்பதற்கும் அந்த 1877ஆம் ஆண்டு இணைப்பே வேர். நிலப் பிரச்சினையை ஐந்தாம் படியில் விரிவாகப் பார்க்கலாம்.

மூன்றாம் படி: வருவாய்த் துறையின் படிநிலையை வரைதல்

ஒரு தாளை எடுத்து, மேலிருந்து கீழாக வருவாய்ச் சங்கிலியை எழுதுங்கள். உச்சியில் மாவட்ட ஆட்சியர். அவருக்குக் கீழே உதகமண்டலம், குன்னூர், கூடலூர் என மூன்று வருவாய் கோட்டங்கள். கோட்டங்களின் கீழ் உதகமண்டலம், குந்தா, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் என ஆறு வட்டங்கள். குந்தா வட்டத்தின் அலுவலகம் மஞ்சூரில் இயங்குகிறது. வட்டங்களுக்குக் கீழே 15 உள்வட்டங்கள். இவற்றை மக்கள் பிர்கா என்றே சொல்வார்கள். அவற்றுக்குக் கீழே 88 வருவாய் கிராமங்கள்.

இந்த 88 என்ற எண்ணில் சற்று நிற்க வேண்டும். தமிழ்நாட்டில் 16,000க்கும் மேற்பட்ட வருவாய் கிராமங்கள் உள்ளன. அவற்றில் நீலகிரியின் பங்கு வெறும் 88. மாவட்டத்தின் பரப்பை இதனால் வகுத்தால் ஒரு வருவாய் கிராமத்துக்குச் சராசரியாக 29 சதுர கிலோமீட்டர் வருகிறது. மக்கள்தொகையை வகுத்தால் 8,000க்கு மேல் வருகிறது. அப்படியென்றால் இங்கே வருவாய் கிராமம் என்பது ஊர் அல்ல. பல ஊர்களையும் தேயிலைத் தோட்டங்களையும் காட்டுத் துண்டுகளையும் ஒன்றாகக் கட்டிவைத்த ஒரு நிலப்பதிவேட்டு அலகு. மலையில் மக்கள் தம் ஊரைச் சொல்லும் பெயர்கள் வேறு. படகர் ஊர் ஹட்டி எனப்படும். தோடர் குடியிருப்பு மந்து. கோத்தர் ஊர் கோக்கால். கூடலூர்ப் பக்கத்தில் பணியர் குடியிருப்புகளுக்குப் பாடி என்ற பெயர் உண்டு. தோட்டத் தொழிலாளர் இருப்பது லைன் வீடுகள்; தோட்டத்தின் பெயரும் டிவிஷனும் சொன்னால்தான் அஞ்சல்காரருக்கே இடம் விளங்கும். இவற்றுள் எதுவும் வருவாய் அட்டவணையில் தனி வரியாக வராது.

பட்டா, சிட்டா, சாதிச் சான்று, வருமானச் சான்று போன்றவற்றுக்கு விண்ணப்பிப்பவர் முதலில் தம் ஊர் எந்த வருவாய் கிராமத்தில் அடங்குகிறது என்பதைத்தான் அறிந்துகொள்ள வேண்டும். ஊரின் பெயரை இ-சேவை மையத்தில் சொன்னால் கணினிப் பட்டியலில் அது இல்லாமல் போவது இங்கே அன்றாட நிகழ்வு. நில வரி ரசீதிலோ பழைய பட்டாவிலோ கிராமத்தின் பெயர் இருக்கும். இரண்டும் இல்லாதவர்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு உறுதி செய்துகொள்வதே நேரான வழி.

நான்காம் படி: உள்ளாட்சிச் சங்கிலியைத் தனியே வரைதல்

வருவாய்ச் சங்கிலிக்குப் பக்கத்தில், அதோடு கலக்காமல், உள்ளாட்சிச் சங்கிலியை எழுதுங்கள். ஊரகப் பகுதிக்கு உதகமண்டலம், குன்னூர், கோத்தகிரி, கூடலூர் என நான்கு ஊராட்சி ஒன்றியங்களும் அவற்றில் 35 கிராம ஊராட்சிகளும் உள்ளன. வட்டங்கள் ஆறு, ஒன்றியங்கள் நான்கு என்பதைக் கவனியுங்கள். பந்தலூருக்கும் குந்தாவுக்கும் வட்டாட்சியர் உண்டு. தனி ஒன்றியம் கிடையாது. பந்தலூர் வட்டத்தில் இருக்கும் சேரங்கோடு ஊராட்சி கூடலூர் ஒன்றியத்தைச் சேர்ந்தது. ஆகவே கூடலூர் ஒன்றியத்தின் மக்கள்தொகை, கூடலூர் வட்டத்தின் மக்கள்தொகை ஆகிய இரண்டும் வேறு வேறு எண்கள். தலைப்பைச் சரியாக வாசிக்காமல் ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றை எடுத்தால் கணக்கு முழுவதும் பிசகிவிடும்.

நகரப் பகுதியில், 2011 கணக்கெடுப்பின்போது இருந்த நிலையையே அடிப்படையாகக் கொள்வது நல்லது. அப்போது உதகமண்டலம், குன்னூர், கூடலூர், நெல்லியாளம் என நான்கு நகராட்சிகள் இருந்தன. அதிகரட்டி, உலிக்கல், ஓவேலி, கீழ்குந்தா, கேத்தி, கோத்தகிரி, சோலூர், தேவர்சோலை, நடுவட்டம், பிக்கட்டி, ஜெகதளா எனப் பேரூராட்சிகள் 11. இவற்றோடு வெலிங்டன் கன்டோன்மென்ட் ஒன்று உண்டு. அது மாநில உள்ளாட்சிச் சட்டத்தின் கீழ் வராது, பாதுகாப்பு அமைச்சகத்தின் கன்டோன்மென்ட் சட்டத்தின் கீழ் இயங்குவது. உள்ளாட்சிகளின் தரம் இடையிடையே மாற்றப்படுவது உண்டு என்பதால், இன்றைய தரத்தை வைத்துக்கொண்டு பழைய அட்டவணையைத் தேடினால் சில ஊர்கள் கிடைக்காமலே போகும்.

ஒரு முகவரியை வைத்து இரு சங்கிலிகளையும் சரிபார்த்துப் பழகலாம். ஓவேலியில் ஒரு தோட்டத்து லைன் வீட்டை எடுத்துக்கொள்வோம். வருவாய் வழியில் அது கூடலூர் வட்டம், கூடலூர் கோட்டம், நீலகிரி மாவட்டம். உள்ளாட்சி வழியில் அது ஓவேலிப் பேரூராட்சியின் ஒரு வார்டு; எந்த ஒன்றியத்திலும் அது இல்லை. தேர்தல் வழியில் கூடலூர் (தனி) சட்டமன்றத் தொகுதி, நீலகிரி (தனி) மக்களவைத் தொகுதி. பேரூராட்சி என்பதால் அந்த வீட்டில் இருப்பவர் கணக்கெடுப்பின்படி நகரவாசி. சுற்றிலும் தேயிலையும் காடும், இரவில் யானை நடமாட்டமும் இருந்தாலும் அவர் நகரவாசிதான்.

ஐந்தாம் படி: காடும் பிரிவு 17 நிலமும்

வருவாய், உள்ளாட்சி ஆகிய இரண்டு சங்கிலிகளோடு சமவெளி மாவட்டத்தின் வேலை முடிந்துவிடும். நீலகிரியில் மூன்றாவதாக வன நிர்வாகத்தையும் வரைந்தாக வேண்டும். மாவட்டப் பரப்பில் பாதிக்கு மேல் வனத்துறையின் கட்டுப்பாட்டில் உள்ளது. நீலகிரி வனக்கோட்டம், கூடலூர் வனக்கோட்டம், முதுமலை புலிகள் காப்பகம், முக்கூர்த்தி தேசியப் பூங்கா ஆகியவற்றின் எல்லைகள் வட்ட எல்லைகளையோ ஊராட்சி எல்லைகளையோ பின்பற்றுவன அல்ல. காப்பகத்துக்குள் இருக்கும் குடியிருப்புக்கு ஒரு சாலையோ மின்கம்பமோ வேண்டுமென்றால், ஊராட்சி தீர்மானம் போட்டால் மட்டும் போதாது. வனத்துறையின் இசைவும் வேண்டும்.

பழங்குடியினர் கணிசமாக வாழும் மாவட்டம் என்பதால் இது அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று சிலர் எழுதுகிறார்கள். அது தவறு. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடம் எதுவும் இல்லை. அதனால் அப்பகுதிகளுக்குரிய தனி ஊராட்சிச் சட்டமும் இங்கே பொருந்தாது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பொருந்தும், அது வேறு.

கூடலூர், பந்தலூர் பகுதிகளில் இதற்கும் மேலே ஒரு சிக்கல் உண்டு. மலபார் காலத்தில் அங்கே ஜென்ம நில முறை, அதாவது பரம்பரை நிலவுடைமை முறை, இருந்தது. நிலம் பெரும்பாலும் நிலம்பூர் கோவிலகத்தின் ஜென்ம உரிமையில் இருந்து, தோட்டங்களுக்குக் குத்தகையாகப் போயிருந்தது. 1969இல் இயற்றப்பட்ட கூடலூர் ஜென்ம நிலங்கள் ஒழிப்பு மற்றும் ரயத்துவாரி மாற்றச் சட்டம் இந்த உரிமையை நீக்கியது. குத்தகைத் தோட்டங்களைக் குறித்தது அச்சட்டத்தின் 17ஆம் பிரிவு. அதன் கீழ் வரும் நிலங்களின் நிலை நீண்ட வழக்குகளில் சிக்கியதால், அங்கே தலைமுறைகளாகக் குடியிருப்போர் பலருக்கு இன்றும் பட்டா இல்லை. பட்டா இல்லாததால் மின் இணைப்புப் பெறுவதிலும் தொல்லை. ‘செக்‌ஷன் 17’ என்று கூடலூர்ச் சந்தையில் சொன்னால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

மக்கள்தொகையைப் படிப்பவருக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. இம்மக்கள் கணக்கெடுப்பில் இருக்கிறார்கள், வாக்காளர் பட்டியலிலும் குடும்ப அட்டைப் பட்டியலிலும் இருக்கிறார்கள். நிலப் பதிவேட்டில் மட்டும் இல்லை. பட்டாதாரர் எண்ணிக்கையை வைத்து இவ்விரு வட்டங்களின் குடும்ப எண்ணிக்கையை ஊகிக்க முயல்வது அதனால் வீண்வேலை.

ஆறாம் படி: 2011இன் அடிப்படை எண்களை எடுத்தல்

2011 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்ட கணக்கெடுப்பின்படி மாவட்ட மக்கள்தொகை 7,35,394. இதில் ஆண்கள் 3,60,143, பெண்கள் 3,75,251. ஆயிரம் ஆண்களுக்கு 1,042 பெண்கள் என்ற விகிதம் மாநில அளவான 996ஐ விட நன்றாகவே உயர்ந்தது. எழுத்தறிவு 85.20%; மாநிலத்தில் 80.09%. மக்கள் அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 287; மாநிலத்தில் 555.

அடர்த்தி எண்ணை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். மக்கள் குடியிருக்க முடியாத காடு பாதிக்கு மேல் இருக்கும்போது, மீதமுள்ள நிலத்தில் அடர்த்தி இரு மடங்குக்கும் மேலாகிறது. குன்னூர்ச் சரிவுகளில் வீட்டின் மேல் வீடாக அடுக்கிக் கட்டியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு 287 என்ற எண் சற்று வேடிக்கையாகவே தோன்றும்.

இன்னொன்று, சுற்றுலாப் பயணிகள் இந்த எண்ணில் சேர மாட்டார்கள். கணக்கெடுப்பு ஒருவரை அவர் வழக்கமாக வசிக்கும் இடத்தில் எண்ணுகிறது. உதகமண்டலம் நகராட்சியின் 88,430 பேர் என்பது அங்கே குடியிருப்போரின் எண்ணிக்கை மட்டுமே. கோடைக்காலத்தில் தண்ணீர், குப்பை, போக்குவரத்து ஆகியவற்றின் சுமையைத் திட்டமிட அந்த எண் பயன்படாது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் நடைமுறைக்கு வந்த இ-பாஸ் முறையின் பதிவுகளே அதற்கு நெருங்கிய தரவு. மறுபுறம், வெலிங்டனில் இருக்கும் ராணுவப் பயிற்சி நிலையங்கள், லவ்டேலில் உள்ள விடுதிப் பள்ளி போன்ற நிறுவனங்களில் தங்கியிருப்போர் கணக்கில் சேர்கிறார்கள். அந்த வட்டாரங்களின் வயது, ஆண்-பெண் விகிதங்களைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏழாம் படி: நகரம் 59% என்பதைப் பிரித்துப் பார்த்தல்

இந்த வழிகாட்டியின் மையம் இதுவே. 2011 கணக்கின்படி நீலகிரி மக்களில் சுமார் 59% பேர் நகரவாசிகள். தமிழ்நாட்டின் சராசரியே 48% அளவில்தான் இருந்தது. அப்படியானால் மலைமாவட்டம் மாநிலச் சராசரியை விட நகர்மயமானதா? அட்டவணையின்படி ஆம். நேரில் போய்ப் பார்த்தால் அப்படித் தெரியாது.

கணக்கெடுப்பில் நகரம் இரு வழிகளில் உருவாகிறது. நகராட்சி, பேரூராட்சி, கன்டோன்மென்ட் என்று சட்டப்படி அறிவிக்கப்பட்ட இடம் எதுவானாலும், அதன் தன்மை எப்படி இருந்தாலும், அது நகரமே. மற்றது, சட்டப்படி கிராமமாக இருந்தும் 5,000 மக்கள், சதுர கிலோமீட்டருக்கு 400 என்ற அடர்த்தி, ஆண் தொழிலாளர்களில் 75% பேர் வேளாண்மை அல்லாத தொழிலில் இருத்தல் ஆகிய மூன்று நிபந்தனைகளையும் நிறைவு செய்யும் கணக்கெடுப்பு நகரம். நீலகிரியின் நகர மக்கள்தொகையில் பெரும் பங்கு முதல் வகையைச் சேர்ந்தது. சோலூர், நடுவட்டம், பிக்கட்டி, கீழ்குந்தா ஆகிய பேரூராட்சிகளின் பெயரைக் கேட்டதும் மலைவாசி ஒருவர் மனத்தில் எழுவது கடைவீதி அல்ல. தேயிலைச் சரிவுகளும் காய்கறித் தோட்டங்களும் தள்ளித் தள்ளி அமைந்த ஹட்டிகளும்தான். நெல்லியாளம் நகராட்சியில் 2011இல் 44,590 பேர் இருந்தார்கள். குன்னூர் நகராட்சியில் 45,494 பேர். எண்கள் கிட்டத்தட்டச் சமம். ஒன்று ரயில் நிலையமும் நெருக்கமான சந்தையுமாக உள்ள பழைய மலைநகரம். மற்றொன்று தோட்டங்களிடையே பரந்து கிடக்கும் சிறு குடியிருப்புகளின் தொகுப்பு. அட்டவணையில் இரண்டும் ஒரே தலைப்பின் கீழ் வருகின்றன.

இந்த வகைப்பாடு மக்களின் வாழ்க்கையைத் தொடும் இடமும் உண்டு. ஊரக வேலைவாய்ப்புத் திட்டமும் ஊரக வீட்டு வசதித் திட்டமும் கிராம ஊராட்சிகளுக்கு மட்டுமே உரியவை. ஒரே தேயிலைச் சரிவில், ஊராட்சி எல்லைக்கு உள்ளே இருக்கும் கூலித் தொழிலாளி நூறு நாள் வேலைக்குப் போக முடிந்தது. எல்லைக்கு வெளியே, பேரூராட்சியில் இருக்கும் கூலித் தொழிலாளியால் போக முடியவில்லை. வீட்டு வரி, கட்டட அனுமதி ஆகியவற்றின் விதிகளும் மாறுகின்றன.

கிராம ஊராட்சிகளின் பக்கமிருந்து பார்த்தாலும் சிக்கல் விளங்கும். கணக்கெடுப்பின்படி ஊரக மக்கள் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர். அதை 35 ஊராட்சிகளுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 8,500க்கும் மேல் வருகிறது. மாநிலம் முழுவதும் இவ்வாறு வகுத்தால் ஓர் ஊராட்சிக்குச் சுமார் 3,000 பேரே. கணக்கெடுப்பு நகரங்களும் நிர்வாகத்தில் ஊராட்சிகளுக்குள்ளேயே இருப்பதால் உண்மைச் சுமை இன்னும் கூடுதல். கிராமசபைக் கூட்டத்துக்கு வர ஒருவர் இரண்டு பேருந்து மாற வேண்டியிருக்கும் அளவுக்குச் சில ஊராட்சிகள் அகன்றிருப்பதன் காரணம் இதுதான். என் பார்வையில், மாவட்டத்தை நகர்மயமானது என்று புகழ்வதை விட, கிராம ஊராட்சிகள் மிகக் குறைவாக அமைக்கப்பட்ட மாவட்டம் என்று விவரிப்பதே சரி.

எட்டாம் படி: நீண்ட காலப் போக்கைப் படித்தல்

ஒரே ஒரு கணக்கெடுப்பை வைத்துப் போக்கைச் சொல்ல முடியாது. சுதந்திரத்துக்குப் பிந்தைய எண்கள் இவை:

1951: 3,11,729
1961: 4,09,308
1971: 4,94,015
1981: 6,30,169
1991: 7,10,214
2001: 7,62,141
2011: 7,35,394

1951க்கும் 1961க்கும் இடையில் 31% வளர்ச்சி. குந்தா நீர்மின் திட்டப் பணிகளும் விரிவடைந்த தேயிலைத் தோட்டங்களும் மலைக்கு ஆட்களை ஈர்த்த காலம் அது. 1971க்கும் 1981க்கும் இடையிலான 27.56% வளர்ச்சிக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையின் மலையகத்திலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களில் பெருந்தொகையினர் கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் குடியேறினர். அவர்களுக்கு வேலை தரவென்று 1968இல் வனத்துறை தொடங்கிய தேயிலைத் திட்டமே பின்னர் ‘டான்டீ’ எனப்படும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. கண்டிப் பக்கத்துப் பேச்சு வழக்கைக் கூடலூர்த் தேநீர்க் கடைகளில் இன்றும் கேட்கலாம்.

பிறகு வளர்ச்சி 12.70%, 7.31% என்று படிப்படியாகச் சரிந்து, 2001க்கும் 2011க்கும் இடையில் மைனஸ் 3.51% ஆனது. அந்தப் பத்தாண்டில் தமிழ்நாட்டிலேயே மக்கள்தொகை குறைந்த ஒரே மாவட்டம் நீலகிரி. மாநிலம் 15.61% வளர்ந்த அதே காலம். பசுந்தேயிலை விலை 1990களின் இறுதியில் வீழ்ந்த பிறகு சிறு விவசாயிகளின் பிள்ளைகள் கோவைக்கும் திருப்பூருக்கும் வேலை தேடி இறங்கியதும், உதகையின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் போன்ற பெரிய ஆலை நலிந்ததும், குடும்பங்களில் குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்ததும் இதற்குப் பின்னால் உள்ள காரணங்கள். ஆண்-பெண் விகிதம் 2001இல் 1,014 ஆக இருந்து 2011இல் 1,042 ஆக உயர்ந்ததை முன்னேற்றம் என்று மட்டும் வாசிக்காமல், ஆண்கள் வேலைக்காக வெளியேறியதன் சாயலும் அதில் இருக்கக்கூடும் என்று சேர்த்து வாசிப்பது நல்லது.

ஒன்பதாம் படி: மக்கள் யார் என்பதைப் பிரித்தறிதல்

பட்டியல் சாதியினர் சுமார் 32%, மாநிலத்தில் 20%. தோட்டத் தொழிலுக்கு வந்தோரும் தாயகம் திரும்பியோரும் இதில் கணிசம். பழங்குடியினர் 32,813 பேர், அதாவது 4.46%, மாநிலத்தில் 1.10% மட்டுமே. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று தமிழ்நாட்டில் சிறப்புக் கவனத்துக்குரிய பழங்குடிகளாக வகைப்படுத்தப்பட்ட ஆறு குழுவினரும் இம்மாவட்டத்தில் வாழ்கிறார்கள்.

மாவட்ட எல்லையே ஒருவரின் சட்டத் தகுதியை நிர்ணயிக்கும் ஒரு வழக்கும் இங்கே உண்டு. தமிழ்நாட்டின் பழங்குடிப் பட்டியலில் குறும்பர் என்ற பெயருக்குப் பக்கத்தில் ‘நீலகிரி மாவட்டத்தில்’ என்ற வரையறை சேர்ந்தே இருக்கிறது. சான்றிதழ் விண்ணப்பத்தில் பூர்வீக மாவட்டம் எது என்ற கேள்வி அதனால் வெறும் சடங்கல்ல.

படகர்களைப் பழங்குடியினர் எண்ணிக்கையில் தேட வேண்டாம். அவர்கள் பட்டியல் பழங்குடியினர் அல்லர். அந்தத் தகுதி வேண்டும் என்ற கோரிக்கை நெடுநாளாக இருக்கிறது. மொழி அட்டவணையிலும் அவர்களை நேரடியாகக் காண முடியாது. படக மொழி, கன்னடத்தின் கீழ் தொகுக்கப்பட்ட தாய்மொழிகளுள் ஒன்றாக வருகிறது. 2011இல் நாடு முழுவதும் அதைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 1,33,550 பேர். ஆகவே மாவட்டத்தின் கன்னடம் பேசுவோர் என்ற எண்ணை அப்படியே எடுத்தால், படகர்களையும் சேர்த்து எடுத்ததாகவே ஆகும்.

தொழில் அட்டவணை இன்னும் ஏமாற்றும். கணக்கெடுப்பின் வரையறையில் தேயிலை, காப்பி, ரப்பர் முதலிய தோட்டப்பயிர் வளர்ப்பது ‘பயிர் செய்வோர்’ என்ற வகைக்குள் வராது. தோட்டத் தொழிலாளர் ‘வேளாண் தொழிலாளர்’ வகைக்குள் வர மாட்டார்கள். இரு சாராரும் அரசு ஊழியர், ஆசிரியர், கடைக்காரர் ஆகியோருடன் சேர்ந்து ‘இதர தொழிலாளர்’ என்ற பத்தியில் போய் விழுகிறார்கள். ஒரு ஏக்கர் தேயிலை வைத்துக்கொண்டு தானே கொழுந்து பறித்து ஆலைக்கு அனுப்பும் கோத்தகிரி விவசாயி, அட்டவணையில் விவசாயி அல்லர். இதை அறியாமல் ‘இதர தொழிலாளர்’ விகிதத்தைப் பார்த்து, மாவட்டம் வேளாண்மையிலிருந்து விலகிவிட்டது என்று முடிவு கட்டிய கட்டுரைகள் சில உண்டு. அட்டவணையின் வரையறைப் பக்கத்தை வாசித்திருந்தால் அந்தக் கட்டுரைகளே பிறந்திருக்காது.

பத்தாம் படி: ஒரு குடியிருப்பை எடுத்துச் சோதித்தல்

இதுவரை வரைந்த மூன்று சங்கிலிகளையும் தெங்குமரஹாடாவில் சோதித்துப் பாருங்கள். கோடநாடு காட்சிமுனையில் நின்று கீழே பார்த்தால், மாயாற்றின் கரையில் பச்சை வயல்களாகத் தெரியும் ஊர் அது. கோத்தகிரி வட்டத்தைச் சேர்ந்தது, எனவே நீலகிரி மாவட்டம். ஆனால் மலையிலிருந்து வண்டியில் இறங்கிப் போக நேர்ச் சாலை இல்லை. மேட்டுப்பாளையம் வழியாகச் சமவெளிக்கு இறங்கி, ஈரோடு மாவட்டத்துப் பவானிசாகர் சென்று, அங்கிருந்து காட்டுவழியே மாயாற்றங்கரை வரை போய், பரிசலில் ஆற்றைக் கடக்க வேண்டும். ஆற்றில் வெள்ளம் வந்தால் அதுவும் இல்லை. சுற்றிலும் புலிகள் காப்பகக் காடு. ஊரை வேறிடத்துக்கு மாற்றுவது குறித்த நடவடிக்கை நீதிமன்றம் வரை போயிருக்கிறது. கோத்தகிரி வட்டத்தின் சராசரியை இந்த ஊருக்குப் பொருத்த முடியாது. மலைமாவட்டத்தில் இருந்தாலும் இது மலையடிவாரத்து ஊர். வட்ட அளவிலான எண்ணோடு நின்றுவிடாமல் கிராம அளவிலான தொகுப்பு வரை இறங்க வேண்டும் என்று வலியுறுத்துவது இப்படிப்பட்ட ஊர்களுக்காகவே.

பதினொன்றாம் படி: அடுத்த கணக்கெடுப்புக்கு ஆயத்தமாதல்

2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்டு நடத்தும் அறிவிக்கை 2025 ஜூனில் வெளியானது. பனி சூழும் இமயமலைப் பகுதிகளுக்கு 2026 அக்டோபர் 1 என்று முந்திய நாள் குறிக்கப்பட்டாலும், நீலகிரிக்கு அந்த விலக்கு இல்லை. நிர்வாக எல்லைகள் 2025 டிசம்பர் 31ஆம் நாள் இருந்த நிலையில் உறையவைக்கப்படுகின்றன. அதற்குள் தரம் உயர்த்தப்பட்ட பேரூராட்சியோ நகராட்சியோடு இணைக்கப்பட்ட ஊராட்சியோ புதிய எல்லையுடன்தான் கணக்கில் வரும்.

புதிய எண்கள் வெளியானதும் உடனே வளர்ச்சி விகிதம் கணக்கிட வேண்டாம். முதலில் இரு கணக்கெடுப்புகளிலும் அந்த அலகின் பரப்பைச் சதுர கிலோமீட்டரில் ஒப்பிடுங்கள். பரப்பு மாறியிருந்தால், மாற்றத்துக்குக் காரணமான அரசாணையைத் தேடி எந்தெந்தக் கிராமங்கள் சேர்ந்தன, எவை பிரிந்தன என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 2011இன் கிராம அளவு எண்களைப் புதிய எல்லைக்கு ஏற்ப மீண்டும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையோடு 2027இன் எண்ணை ஒப்பிடுங்கள். ஒரு பகுதி மட்டும் மாற்றப்பட்ட கிராமம் இருந்தால், அதை இரு பக்கத்திலும் சேர்க்காமல் தனி வரியாக வைத்து, அடிக்குறிப்பில் காரணத்தை எழுதிவிடுங்கள்.